தோத்தாத்ரி சாரும் ஏழுமலையின் தோளும்

செய்தி வந்தபோது நான் ஒரு அம்மாளின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் சாரின் புகைப்படம், அதன் கீழே கூப்பிய கைகள். எலும்பு மூட்டு மருத்துவர் தோத்தாத்ரி அவர்கள் விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். ஒத்தடப் பையை நகர்த்தவே மறந்துவிட்டேன். அந்த அம்மாள் சுடுகிறது என்று சொன்ன பிறகுதான் கை அசைந்தது.

நினைவு மலர் போடுகிறோம், இருபது வருடம் கூட இருந்த பிசியோதெரபிஸ்ட் நீங்கள்தான், நல்லபடியாக இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். எழுதிவிட்டேன். நல்லபடியாக இருக்கிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் பெரிய இடங்களிலிருந்து கூப்பிட்டும் போகாமல், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் சின்ன மருத்துவமனைக்குத் தினமும் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டுத் தமிழை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, ஆலைத் தொழிலாளிகளிடம் அவர்கள் பேச்சிலேயே பேசுவார். குளிர்ந்த கையால் யாரையும் தொடமாட்டார். டீ கிளாஸை உள்ளங்கைகளில் உருட்டிச் சூடேற்றிக்கொண்டுதான் தோளைப் பிடித்துப் பார்ப்பார். இந்தப் பழக்கம் அவரிடமிருந்து எனக்கும் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எலும்பு முறிந்து இன்னும் கூடாத ஒரு முழங்கையை அவசரப்பட்டு மடக்கி வீங்க வைத்துவிட்டேன். நோயாளியின் மகன்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சார் நடுவில் வந்து நின்றார். "நான்தாம்பா அப்டி செய்யச் சொன்னேன், அந்தப் பொண்ண இன்னாத்துக்குக் கேக்கிற?" என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கிழித்த கோட்டை நான் தாண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து தோள் தேய்மானத்துக்குப் புதிய அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடங்கினார். நாற்பது வயதுக்காரர்களுக்கு உலோக மூட்டு வைத்தால், அவர்கள் தூக்குகிற பாரத்தில் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும். அதற்குப் பதிலாக, இறந்தவர் தானமாகத் தந்த தோலைப் பதப்படுத்தி, தேய்ந்த தோள் குழியின் மேல் மெத்தைபோலப் பரப்பித் தைப்பார்கள். எலும்போடு எலும்பு உரசாது. கேட்க அழகாகத்தான் இருந்தது. முதல் சில மாதங்கள் எல்லோருமே கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஏழுமலை. கவரைப்பேட்டைக்காரர். இரும்புக் கம்பி ஆலையில் வேலை, வீட்டில் கொஞ்சம் நெல் நிலம். தோல் யாருடையது என்று தெரியாவிட்டாலும், அந்தப் புண்ணியவானுக்கு அமாவாசை தவறாமல் ஓர் இலை போட்டுப் படைத்தார். நான் சொல்லிக் கொடுத்த பயிற்சிக்காகத் தன் வீட்டுக் கிணற்று ராட்டினத்தில் கயிறு மாட்டி, காலையும் மாலையும் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னை 'எக்சைஸ் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை, வலி திரும்பியது. ஸ்கேனில் அந்த மெத்தை இருந்த இடமே தெரியவில்லை. குழியின் எலும்பும் அரித்துப் போயிருந்தது. மறுபடி திறந்தார்கள், சீழ் பிடித்தது, இன்னொரு முறை திறந்தார்கள். கடைசியில் வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. ஆலையில் அவரை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏழுமலை கடைசியாகச் சாரிடம் காட்ட வந்தபோது அந்த அறையில் நானும் இருந்தேன். சார் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன்ல ஒண்ணும் கொற இல்லப்பா. எக்சைஸ்தான் சரியா நடக்கல" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் நம்பினேன். அதுதான் இன்றும் எரிகிறது. வருகை நோட்டை எடுத்துப் பார்த்தால் ஏழுமலை ஒரு நாள்கூட விடவில்லை. அப்படியானால் தவறு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். பழைய பாடப் புத்தகங்களைத் தோண்டி எடுத்துப் படித்தேன், பயிற்சி முறையையே மாற்றினேன். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதி, சாரின் வாயில் அதே பதில். நோயாளிகள் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. ஏழுமலையும் என்னிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு சாருக்கே தோள் தேய்ந்தது. ஒரு மாதம் விடுப்பு எடுத்துச் சென்னைக்குப் போய், கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு திரும்பினார். பயிற்சி கொடுக்க நான்தான் வேண்டும் என்றார், எனக்குப் பெருமையாக இருந்தது. எக்ஸ்ரே உறையைப் பிரித்தேன். உள்ளே பளீரென்று உலோகப் பந்து.

அவரே ஆரம்பித்தார். தனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, தான் கம்பி தூக்கப் போவதில்லை, இந்த வயதுக்கு இதுதான் சரியான சிகிச்சை என்றார். அது நியாயம்தான். மறுக்கவில்லை. "அந்தத் தோல் தாங்காதுன்னு உங்களுக்கு எப்ப சார் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூணாவது ஆளுலயே தெரிஞ்சிபோச்சும்மா. அடுத்தது சரியா வரும்னு நெனச்சேன்."

ஏழுமலை ஆறாவது ஆள்.

நானே கூப்பிட்டு எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், உன் பேரில் தப்பில்லை என்பதையும் சொல்கிறேன் என்றார். மூன்று மாதம் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். கை தலைக்கு மேல் நன்றாகவே எழும்பியது. தினமும், இன்றைக்குச் சொல்லியிருப்பார், இன்றைக்குச் சொல்லியிருப்பார் என்று காத்திருந்தேன். பயிற்சி முடிந்தது, கைகுலுக்கினார், டீ வாங்கிக் கொடுத்தார். சொல்லவில்லை. ஒரு முழங்கைக்காக எனக்காகப் பொய் சொன்ன மனிதர், ஓர் உண்மைக்காக வாயைத் திறக்கவில்லை.

திருவள்ளூர் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, சாரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆலைகளிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

வரிசையில் ஏழுமலை வந்தார். பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். இடது கையால் மாலையைப் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"மன்னிச்சிக்க சார். நீ நல்லாத்தான் செஞ்சிவுட்ட. நாந்தான் எக்சைஸ ஒயுங்கா செய்லபோல. உன் பேர கெடுத்துட்டேன்."

இதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அவரைத் தெருவோரம் அழைத்துப் போனேன்.

"ஏழுமலை அண்ணா, நீங்க ஒயுங்காத்தான் செஞ்சீங்க. என் நோட்டுல ஒரு நாள்கூட விட்டுப்போவல. நானும் சரியாத்தான் சொல்லிக் குடுத்தேன். அந்தத் தோலு நிக்காதுன்னு சாருக்கு உங்களுக்கு வெக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஷாமியானா பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பலேந்து தெரியும், மேடம்?"

"பதினாலு மாசமா."

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார், இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி. நான் கூடப் போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை.

சார், உங்களிடம் தொழில் கற்றேன், வாய் மூடியிருக்கவும் கற்றேன். முதலாவதற்கு நன்றி. அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட மற்றவர்களின் முகவரிகளை நோட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் ஒவ்வொருவர் வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன். உங்கள் மீது கோபம் தீரவில்லை, ஆனாலும் வணங்கி விடை தருகிறேன். சென்று வாருங்கள்.