சாமிக்காக இறக்கிய ஜீப்

வில்லியனூர் ஒர்க் ஷாப்பில் எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். முன்சக்கரம் இரண்டும் இல்லை. எஞ்சினுக்குக் கீழே குண்டாகத் தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் கூடு கழன்று தரையில் கிடந்தது. மிலிட்டரியில் டிரைவராக இருந்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், கையில் வந்ததையெல்லாம் கொட்டி ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி என்று அவர் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன், பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுவதைப் பார்க்கிற அப்பன் மாதிரி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சாமிக்காக என்றார்.

எங்கள் ஊர் சங்கராபரணி ஆற்றோரம். ஊர் என்றால் கோயில் இருக்கிற பக்கம். நாங்கள் குடியிருந்தது காலனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கரும்புத் தோட்டம். மாசி மகத்துக்கு ஊர்ச் சாமி புதுச்சேரிக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். மாட்டு வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர்ச் சாமி காரில் வந்து கடற்கரையில் இறங்கியதாம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் சுற்றுவட்டத்தில் ஒழுங்காக ஓடுகிற வண்டி எங்கள் ஜீப் ஒன்றுதான். கோயில் தர்மகர்த்தாவே புறப்பட்டுக் காலனி முனை வரைக்கும் வந்தார். முனையிலேயே நின்றுகொண்டு, ஆள் விட்டு இவரைக் கூப்பிட்டனுப்பினார். ஜீப்பைக் கொடுத்தால், கடலிலிருந்து திரும்பும்போது சாமியைக் காலனித் தெருவுக்குள்ளும் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவுக்குச் சாமி வந்ததே கிடையாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் இல்லை, அதற்கு முன்னாலும் இல்லை. திருவிழா நாளில் கரும்புத் தோட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்று, மேளச் சத்தம் வருகிற திக்கைப் பார்த்துக் கும்பிடுவோம். அதனால் எனக்குச் சந்தேகம்தான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போச்சு என்று வாய்விட்டே சொன்னேன். தெருவில் ஒருத்தரும் என்னோடு சேரவில்லை. இரண்டு நாள் போனதும் நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஆசை யாரை விட்டது?

வண்டியின் உயரத்தை இறக்க வேண்டி வந்ததற்குக் காரணம் கோயில் மண்டபம். சாமியைத் திறந்த வானத்தின் கீழ் வண்டியில் ஏற்றக்கூடாதாம். வண்டி முன்மண்டபத்துக்குள் வந்து நின்றால்தான் ஏற்றுவார்கள். அளந்து பார்த்தால், சாமிக்கு மேலே கட்டுகிற பந்தலோடு சேர்த்து ஜீப் ஒரு சாண் உயரம் அதிகம். கல் மண்டபத்தை இடிக்கவா முடியும்? ஜீப்பைத்தான் குறைக்கச் சொன்னார்கள்.

ஸ்பிரிங்கில் நாலைந்து பட்டையை உருவினால் வண்டி இறங்கிவிடும் என்று ஒர்க் ஷாப் நடத்துகிற பாய் சொன்னார். ஆனால் இறங்கினால் முன்னால் இருக்கிற அந்தக் குண்டுக் கூடு எஞ்சினில் போய் முட்டும். அதைக் கழற்றிவிட்டு வெறும் ஆக்சில் போட வேண்டும். அதற்கப்புறம் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று அவரே இவரைத் தடுத்திருக்கிறார்.

"எங்க தெருவுக்கு சாமி வருதுன்னா நாலு சக்கரத்தையும் கூட கழட்டு பாய்," என்றார் என் வீட்டுக்காரர்.

வேலை முடிந்து பார்த்தால் ஜீப் படுத்த எருமை மாதிரி இருந்தது. ஒர்க் ஷாப்பிலிருந்து நேரே கோயிலுக்குப் போய்விட்டது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மாவிலை கட்டி, சாமி வண்டி ஆக்கிவிட்டார்கள். தீட்டுக் கழித்த வண்டி திருவிழா முடியும் வரைக்கும் காலனிக்குப் போகக்கூடாது என்று கட்டளை. அதை ஓட்டப்போகிற இவரும் காப்புக் கட்டி விரதம் இருந்து, கோயில் மதில் ஓரம் வண்டியிலேயே படுத்துக்கொண்டார். எங்களுக்கோ தலைகால் புரியாத பெருமை. இறக்கிய பிறகு அந்த ஜீப் எங்கள் பாதையில் ஒரு தடவைகூட ஓடவில்லை என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்கே தோன்றவில்லை என்றால் யாரை நோக?

மகத்தன்று தெருவைப் பெருக்கி, சாணி தெளித்து, வாசலுக்கு வாசல் கோலம் போட்டோம். பொழுது சாய்கிற நேரத்தில் மேளம் கேட்டது. முதல் தடவையாக அந்தச் சத்தம் கிட்டே கிட்டே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

தெரு தொடங்குகிற இடத்தில் ஆற்று மணல் ஏறிக் கிடக்கும். கரும்பு வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. பழைய ஜீப் அதை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வரும். இப்போது அதன் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் சுற்றி மணலை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் சும்மா நின்றன. இவர் கை, பழக்க தோஷத்தில், முன்சக்கரத்துக்குப் பவர் கொடுக்கிற கம்பியைத் தேடிக் கீழே போனது. அந்த இடத்தில் தகரம் அடித்து மூடியிருந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் தெரு ஆம்பிளைகள் அத்தனை பேரும் வண்டியைத் தள்ள ஓடினார்கள்.

"கிட்ட வராதீங்கடா," என்றார் தர்மகர்த்தா. "சாமி மேல இருக்குது. எவனும் வண்டியத் தொடக்கூடாது."

நீட்டிய கை நீட்டியபடி நின்றுவிட்டார்கள். எங்கள் வண்டி. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் கழுவித் துடைத்த வண்டி. கூட வந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பட்டு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. சாமிக்கே இங்கே வர இஷ்டமில்லை போலிருக்கிறது என்றார் தர்மகர்த்தா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை.

"காலையிலருந்து எங்க வண்டி மேலதான சாமி ஒக்காந்துகினு கீது," என்றேன். "அதத் தொட்டா இன்னா ஆயிடும்?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "டேய், உம் பொண்டாட்டிய உள்ள போவச் சொல்லு."

இவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியை இறக்கினார்கள். ஐம்பொன் சிலை, முழங்கால் உயரம். இரண்டே பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறி நடந்தார்கள். மேளமும் பின்னாலேயே போனது. எங்கள் முதல் வீட்டுக் கோலம் அங்கிருந்து பத்தடி இருக்கும். அந்தப் பத்தடி நடக்க முடியாதவர்கள் கரும்புத் தோட்டம் முழுக்கச் சுற்றிக் கோயிலுக்கு நடந்தார்கள். என் கண்ணால் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை.

மேளம் தேய்ந்த பிறகு எங்கள் ஆட்கள் ஜீப்பைச் சூழ்ந்தார்கள். கரும்புக் கட்டு தூக்கிக் காய்த்த கைகள். ஒரே தம். வண்டி மேட்டை விட்டு எழும்பித் தெருவுக்குள் வந்து நின்றது. பழக்கத்தில் எவனோ கை தட்டத் தொடங்கினான், பாதியில் நிறுத்திக்கொண்டான். சிலை மேலே இருந்திருந்தாலும் எங்களுக்கு அதே ஒரு தம்தான் ஆகியிருக்கும். அது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல், காலி ஜீப்பைச் சுற்றி நின்றோம்.