லிந்துலை ஏற்றத்தில் கொதித்த என் கார்

காலை ஆறரை மணிக்கு ஹட்டனை விட்டுப் புறப்பட்டபோது என் மனத்தில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. ஏழு மணி பஸ்ஸில் வரும் என் தம்பி செல்லையாவுக்கு முன்னால் நான் நுவரெலியா போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் தங்கை ராஜம்மாவின் மகள் கவிதாவுக்கு நுவரெலியாவில் கல்யாணம். பெண்ணை மணவறைக்கு அழைத்துப்போகும் முன் தாய்மாமன் மாலை போட வேண்டும். மாமன்மார் நாங்கள் இரண்டு பேர். மூத்தவன் நான், முறைப்படி அது என்னுடைய உரிமை. ஆனால் தகப்பனை இழந்த அந்தப் பிள்ளையை மழையிலும் பனியிலும் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவன் செல்லையா. அதனால் அவன்தான் போட வேண்டும் என்று பெண் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. இரண்டு அண்ணன்மாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ராஜம்மா கடைசியில் போனில் சொல்லிவிட்டாள்:

"பத்து மணிக்குப் பொண்ண அழைச்சிருவாங்க. யாரு முதல்ல வந்து நிக்கிறீங்களோ அவுங்க போடுங்க. என்னைய நடுவுல இழுக்காதீங்கண்ணே."

தம்பியைக் காரிலேயே ஏற்றிக்கொள்ளலாமே என்று என் மனைவி பாக்கியம் கேட்டாள். பின் இருக்கை முழுக்கச் சீர்த்தட்டு, இடமில்லை என்றேன். ஒன்பது தட்டுகள். அடுக்கி மடியில் வைத்தால் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். எனக்கும் அது தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் படித்தது நாலாம் வகுப்பு. பதின்மூன்று வயதில் ஹட்டன் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கினேன். இன்று எனக்கு இரண்டு லொறி, ஓர் இரும்புக்கடை, மாடி வீடு. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். வெள்ளை நிற ஜப்பான் கார் வாங்கி இரண்டு வருடம். தினமும் காலையில் நானே கழுவுவேன். அதன் பானட்டில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

செல்லையாவுக்கு என்ன இருக்கிறது? தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பத்திரண்டு வருடம் இஞ்சின் பார்த்தான். ஓய்வு பெற்று, ஸ்டோருக்கு எதிரே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். காரும் இல்லை, கடையும் இல்லை. ஆனாலும் அந்தப் பாதையில் போகிற ஒவ்வொருவரும் அவன் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். என்னைக் கண்டால் கும்பிடுவார்கள், அவனைக் கண்டால் சிரிப்பார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து எழுத எனக்குத் தெரியாது.

கொட்டகலை வரை காரில் ஒரு குறையும் இல்லை. வலது பக்கம் பனி விலகி, தேயிலை மலை வரிவரியாகத் தெரியத் தொடங்கியது. பத்தனைக்கு அப்பால் டெவன் நீர்வீழ்ச்சியைக் காண வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் முச்சக்கர வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழேகால் மணிக்குத் தலவாக்கலை. இஞ்சித் தேநீர் அறுபது ரூபா, உளுந்து வடை எழுபது ரூபா. வடை நன்றாக இருந்தது என்று பாக்கியம் இன்னொன்று கேட்டாள். பஸ் வந்துவிடும் என்று நான் அவளை எழுப்பினேன்.

"பஸ்ஸு வந்தா வரட்டுமே. நம்மகிட்ட கார் இருக்குல்ல?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சூட்டைக் காட்டும் ஊசி எழுந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. இப்படி ஆவது நாலாவது தடவை. போன மாதம் ஏற்றத்தில் இதே மாதிரி சூடேறியபோது கராஜ்காரனிடம் ரேடியேட்டர் மூடியை மாற்றச் சொன்னேன். பிறகு தண்ணீர்க் குழாய்களை மாற்றச் சொன்னேன். அதற்கும் அடங்கவில்லை என்றதும், தண்ணீரைத் தடுத்துத் திறக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொன்னேன். அவன் வேண்டாம் என்றான். "வண்டி என்னோடது, நான் சொல்றதச் செய்" என்றேன்.

ஊசி சிவப்பைத் தொட்டதும் ஒரு வளைவில் ஓரம் கட்டினேன். மணி எட்டு. நுவரெலியாவுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். பானட்டைத் தூக்கினேன், அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. மூடியைத் திறக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு கை வைத்தேன்.

"ஏங்க, கைய எடுங்க! வெந்துருவீங்க. கட்டுப்போட்ட கையோடயா மாமன் மாலை போடப் போறீங்க?" என்று பாக்கியம் கத்தினாள்.

கையை எடுத்தேன். நின்றேன். தலவாக்கலைப் பக்கமிருந்து ஒவ்வொரு வண்டியாக எங்களைத் தாண்டிப் போனது. பால் வண்டி போனது. லீக்ஸ் மரக்கறி ஏற்றப் போகும் வெற்று லொறி போனது. டெவன் அருகே நின்ற அந்த முச்சக்கர வண்டி வெளிநாட்டுக்காரர்கள் இருவரையும் சுமந்துகொண்டு குடுகுடுவென்று ஏறியது. அவர்கள் எனக்குக் கைகாட்டினார்கள். அந்த மூன்று சில்லு வண்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்றால் நம்புவீர்களா?

பதினைந்து நிமிடம் கழித்து மூடியை மெல்லத் திறந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அரைப் போத்தல் தண்ணீர்கூட இறங்கவில்லை. தண்ணீர் குறையவே இல்லை. அப்படியானால் எதனால் கொதிக்கிறது? எனக்கு விளங்கவில்லை.

எட்டு இருபத்தைந்துக்கு ஹட்டன் பஸ் வளைவில் தெரிந்தது. நான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பஸ் எங்களைத் தாண்டியது. பிறகு மணி அடித்த சத்தம், பிரேக் சத்தம். செல்லையா வெள்ளை வேட்டி சட்டையோடு படியில் நின்றான்.

"என்னண்ணே, சூடாயிருச்சா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஆறட்டும்னு நிறுத்தியிருக்கேன். நீ போ."

பாக்கியம் குறுக்கே வந்தாள். "தட்டுகளத் தூக்கிக்கிட்டு நாமளும் பஸ்ஸுல ஏறிருவோங்க. காரப் பொறவு பாக்கலாம்."

அதுதான் புத்தியுள்ள பேச்சு. ஆனால் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் சீர்த்தட்டோடு பஸ்ஸில் இருந்து இறங்குவதா, நானா? முடியாது என்றேன்.

"இக்மன் கரன்ன!" என்று கண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினான். பஸ் ஒன்பதேகாலுக்குள் நுவரெலியா போய்விடும். செல்லையா உள்ளே போய் உட்கார்ந்தால் மாலை அவனுக்கு. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் கீழே இறங்கி, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையசைத்தான். நான் இரண்டாவது தடவை "போ" என்று சொல்லவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். முதலில் தண்ணீரைப் பார்த்தான். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீர்ப் போத்தலில் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. மேல் குழாயைத் தொட்டான், கீழ்க் குழாயைத் தொட்டான்.

"ரெண்டும் ஒரே சூடுண்ணே. மேல சூடாப் போற தண்ணி கீழ ஆறி வரணும், ஆறல. தண்ணி ஓடுது, காத்துத்தான் படல. சாவியத் திருகுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க."

திருகினேன். உள்ளே மின்விசிறி இரைந்தது.

"விசிறி சுத்துதுடா. அதுல ஒரு கொறையும் இல்ல."

"சுத்துது. இழுக்குதான்னு பாப்போம். அண்ணி, ஒரு வெத்தல குடுங்க."

"சீர் வெத்தல தம்பி!"

"ஒண்ணே ஒண்ணு. மாப்பிள்ள வீட்டுல எண்ணியா பாக்கப் போறாங்க?"

வெற்றிலையைக் காரின் முன் வலையில் வைத்துக் கையை விட்டான். விசிறி காற்றை இழுத்தால் இலை வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. மெதுவாகச் சறுக்கி, வீதியில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. மூன்று தடவை காசு கொடுத்து நான் கண்டுபிடிக்காததை என் தம்பி ஒரு வெற்றிலையில் கண்டுபிடித்துவிட்டான். காற்று அடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அது வரவில்லை.

காரில் இருந்த ஸ்பேனர் பெட்டியை எடுத்து, ரேடியேட்டரின் மேல் பட்டையைக் கழற்றி, ரேடியேட்டரைப் பின்னால் சாய்த்தான். குளிரூட்டியின் வலை முன்னால், ரேடியேட்டர் பின்னால். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பளி. நான் கம்பளி என்றுதான் நினைத்தேன். பழுப்பு நிறத்தில், ஈரத்தில் இறுகி, ஒரு விரல் தடிப்பு. வெளியிலிருந்து எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அந்த இடத்தில் படாது. செல்லையா ஒரு துண்டைப் பிய்த்துக் கசக்கி மோந்தான். சிரித்துவிட்டான்.

"இது தேயிலப் பஞ்சுண்ணே! தூள் சலிக்கையில பறக்குமே, அது. முப்பத்திரெண்டு வருசம் என் மூக்குல போன சாமான், எனக்குத் தெரியாதா? ஒங்க கார் எப்புடிண்ணே சலிக்கிற ரூமுக்குள்ள போச்சு?"

பாக்கியம் சொன்னாள்.

"உள்ள எங்க போச்சு? ரெண்டு வருசமா தெனம் சாயந்தரம் ஸ்டோர் சுவத்தோரமாத்தான நிக்குது. பஞ்சத் தள்ளுற ஜன்னலுக்கு நேர் கீழ. வீட்டுல கராஜ் கட்டி வச்சிருக்காரு, அங்க பூன தூங்குது."

ஸ்டோர் சுவரோரம் கார் நின்றால் செல்லையாவின் வாசலில் இருந்து நேராகத் தெரியும். அதற்காகத்தான் அங்கே நிறுத்தினேன். நிறுத்திவிட்டு எதிர்த் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, அவன் பார்க்கிறானா என்று பார்ப்பேன். ஜன்னலில் இருந்து பஞ்சு பறந்ததை நான் பார்க்கவில்லை. பார்வை எல்லாம் அவன் வாசலில் இருந்தது.

செல்லையா கொஞ்ச நேரம் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நானும் தெனம் பாப்பேண்ணே. கார் நிக்குது, அண்ணன் வந்துருக்காருன்னு ஒங்க தம்பி பொண்டாட்டி தண்ணி கொதிக்க வைப்பா. நீங்க கடையிலயே குடிச்சிட்டுப் போயிருவீங்க."

இஞ்சின் ஆறியிருந்தது. இருபது அடி தள்ளி, மலையிலிருந்து பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் ஆணியால் துளை போட்டு, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகப் பீய்ச்சினான். நான் பீலிக்கும் காருக்கும் நடந்து தண்ணீர் சுமந்தேன். சந்தை மூட்டைக்குப் பிறகு இன்னொருவன் சொல்லி நான் சுமந்தது அன்றுதான். பழுப்புத் தண்ணீர் வீதியில் ஓடியது, தேநீர் வாசம்கூட அடித்தது. பட்டையைப் பூட்டிவிட்டு மறுபடி வெற்றிலையை வைத்தான். பட்டென்று வலையில் ஒட்டிக்கொண்டது. பாக்கியம் கைதட்டினாள்.

"தெர்மோஸ்டாட்ட ஏண்ணே கழட்டுனீங்க? நுவரெலியாக் குளிருக்கு இஞ்சின் சூடேறுறதே கஷ்டம். ஊருக்குப் போனதும் திரும்பப் போட்டுருங்க" என்றான். அதையும் கண்டுபிடித்துவிட்டான்.

ஒன்பது ஐந்துக்குக் கிளம்பினோம். செல்லையா பின்னால், மடியில் நான்கு தட்டு. இடம் இருந்தது. நானுஓயா ஏற்றம் முழுக்க ஊசி பாதியிலேயே நின்றது. தொடருந்து நிலையத்துக்கு வந்த வேன்களை எல்லாம் முந்தினேன்.

ஒன்பது ஐம்பதுக்கு மண்டபம். மூன்று பேரும் ஒன்றாகத்தான் இறங்கினோம். செல்லையாவின் இரண்டு கையும் முழங்கை வரை பழுப்பு, நகத்தில் கறுப்பு. அவன் பின்பக்கத்துக் குழாயைத் தேடிப் போனான். நான் வாசலில் நின்றேன். ராஜம்மா மாலைத் தட்டோடு ஓடி வந்தாள்.

"பெரியண்ணே, ஐயர் அவசரப்படுத்துறாரு. நீங்களே வாங்க."

இரண்டு நிமிடம் பொறு, தம்பி கை கழுவுகிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். மண்டப வாசலில் இருந்து மணப்பெண் அறை வரை முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியிலும் அதைச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. மாலையை எடுத்துக் கவிதாவின் கழுத்தில் போட்டேன். படம் பிடித்தார்கள். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

மாலை நாலு மணிக்கு நுவரெலியாவை விட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது செல்லையாவை முன்னால் உட்கார வைத்தேன், பாக்கியம் பின்னால் ஏறினாள். நுவரெலியாவின் குளிரைப் பற்றி, ஏரியைப் பற்றி நிறைய எழுதலாம், நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஹட்டன் வந்ததும் ஸ்டோர் முன்னால் அவனை இறக்கினேன். முழங்கால் வலியால் கல்யாணத்துக்கு வர முடியாத அவன் மனைவி வாசலில் நின்றாள். அன்று உள்ளே போய்த் தேநீர் குடித்தேன். அந்த வீட்டு ஜன்னலில் இருந்து ஸ்டோர் சுவர் நன்றாகத்தான் தெரிகிறது.

தெர்மோஸ்டாட் திரும்பப் போட்டாயிற்று. கார் இப்போது கராஜில் நிற்கிறது. பூனைதான் இடம் மாறிவிட்டது.

கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு என் மாடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நான் மாலை போடுகிறேன், பட்டு வேட்டி, நல்ல வெளிச்சம். கவிதா என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, என் தோளுக்கு அப்பால், படத்தில் விழாத ஓர் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் அப்போதுதான் அறை வாசலுக்கு வந்து நின்றான்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள், பொண்ணு யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறது என்று. ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. ஆனாலும் மறைப்பதில்லை.

"என் தம்பிய" என்று சொல்கிறேன்.