திருடனுக்கு வைத்த பூட்டு

துபாயிலிருந்து வந்த மச்சானின் காரில் அலாரம், ரிமோட் ஸ்டார்ட்டர், டர்போ டைமர் மூன்றையும் ஒன்றாகக் கோர்த்தது நான்தான். பள்ளிக்கூடம் மிதிக்காத மூளை. திருடன் தப்பக் கூடாதென்று, அலாரம் அடித்தால் கதவு உள்ளிருந்தும் திறக்காதபடி செய்திருந்தேன்.

புதுக்காருக்கு ஜெபிக்க சர்ச் முற்றத்தில் போதகரும் மச்சானும் காத்திருந்தார்கள். காரை நிறுத்திச் சாவியை உருவினேன். டர்போ சூடு ஆற டைமர் இஞ்சினை ஓடவிட்டது. சாவியில்லாமல் வண்டி ஓடுவதைக் கண்ட அலாரம், கதவுகளைப் பூட்டிவிட்டு அலறியது. கண்ணாடியும் இறங்கவில்லை. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

"ஏலே மாப்ள, வெளிய வாடே!" கதவு திறக்குமென்று மச்சான் ஸ்டார்ட்டர் ரிமோட்டை அமுக்க அமுக்க, நிற்கப்போன இஞ்சின் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"அமுக்கண்டாம் மச்சான்! இஞ்சின் நிண்ணாத்தான் கதவு தொறக்கும்!" சைரனில் யாருக்குக் கேட்கும்?

போதகர் கண்களை மூடினார். தானும் கைகூப்புவதற்காக மச்சான் ரிமோட்டைப் பைக்குள் போட்டார். இஞ்சின் நின்றது, கதவு திறந்தது. எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்தான்.