கண் கழுவுதல்

அப்பாவின் மீசையைக் கத்தரித்ததுதான் நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஜன்னலோரம் நாற்காலி, அவர் கழுத்தைச் சுற்றித் துண்டு, என் கையில் சின்னக் கத்தரிக்கோல். பக்கவாதம் வந்து அவர் முகத்தின் இடப்பாதி தொங்கிவிட்டிருந்தது. உதடு சரிந்ததால் மீசையும் சரிந்திருந்தது. நேராகத் தெரியட்டும் என்று இடப்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டப் போனேன்.

"அதுல கை வைக்காத. உதடு போற போக்குல விடு." வார்த்தைகள் குழறின.

"கோணலாத் தெரியுமேப்பா."

"கோணலாத்தானே இருக்கு? நீ மீசை வெட்ட வந்தியா, மட்டம் பாக்க வந்தியா?"

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அப்பா பீங்கான் ஆலையில் தட்டுகளைத் தரம் பிரிப்பவர். சூளையிலிருந்து வருபவற்றை விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பார். மரக்குச்சியால் தட்டுவார், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். கரும்புள்ளி, ஊசித்துளை, மெருகுப் பூச்சு வழிந்த தடம், மேசையில் வைத்தால் ஆட்டம் என்று எது இருந்தாலும் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். என் தொழிலும் ஏறக்குறைய அதுதான். ஆலைகளின் அளவுமானிகளில் பிழை கண்டுபிடிக்கிறேன்.

"ரெண்டு பேரும் குத்தம் கண்டுபிடிக்கிற வீடு. எவன் துணிஞ்சு மாப்பிள்ளையா வருவான்?" என்று சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் அம்மாவின் தலை வகிடு கோணலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தினமும் சொல்லியிருக்கிறார். "அந்தக் கண்ணை ஆலையிலேயே கழட்டி வெச்சுட்டு வர மாட்டியா?" என்று அம்மா கேட்டாளாம். அன்றிலிருந்துதான் உட்காரத் தொடங்கினார். வேலை முடிந்து வந்ததும், கழிவுப் பெட்டியிலிருந்து கேட்டு வாங்கி வந்த ஒரு தட்டைச் சுவரோரம் நிறுத்தி, எதிரில் பாயில் அமர்வார். "காட்டு" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. கண் அந்தத் தட்டில் குறை தேடுவதை நிறுத்தும்வரை எழுந்திருக்க மாட்டார். கண் கழுவுவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

அம்மா போன பிறகு வீட்டை ஒழித்துப்போட்டார். மிஞ்சியது பாய், ஒரு நாற்காலி, சுவர்க் கண்ணாடி, விளக்கு, இரண்டு சட்டை, குறைத்தட்டுகள். அவற்றில்தான் சாப்பாடும்.

"ஆடாத தட்டு ஒண்ணு வாங்கலாம்பா."

"ஆடினா என்ன? சோறு எழுந்து ஓடியா போகுது?"

ஒருமுறை என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டின் ஓரத்தைக் காட்டினார். மெருகு வழிந்து, திரண்டு, இளநீலமாக நின்றிருந்தது. விடியற்காலைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். சூளையில் சூடு கூடிவிட்டது என்றேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு சுவர்க் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினார். வெளியே போவதை நிறுத்தினார். அவரோடு தரம் பிரித்த டமாரம் மாமா ஒரு நாள் வந்தார். சூளைச் சத்தத்தில் காது மந்தமாகி, எதையும் கத்தித்தான் பேசுவார். அதனால் அந்தப் பெயர். அப்பா என்னைக் கதவைத் தாழிடச் சொன்னார்.

"யோவ், உன் அழகைப் பாக்கவா வந்தேன்? தொற கதவை!" தெருவே எட்டிப் பார்த்தது.

அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவன் பாக்கற பார்வை எனக்குத் தெரியும். காலமெல்லாம் நானும் அதே பார்வைதான் பாத்தேன். பெட்டிக்குத்தான் போவேன்."

"சரி, தொறக்காத! உனக்குன்னு ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன். பக்கத்துத் தட்டோட ஓரம் ஒட்டிக்கிட்டே வெந்திருக்கு. பெட்டியில போட மனசு வரல. வந்து வாங்கிக்கோ!"

அன்று மாலை அப்பா கண்ணாடியின் துண்டை எடுத்தார். அதன் எதிரே அமர்ந்தார். "காட்டு" என்றார். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. மறுபடி துண்டைப் போட்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். எனக்குத் தாங்கவில்லை.

"எதுக்குப்பா இந்த வதை? விட்டுடேன்."

"இதுக்கு முன்னாடி உக்கார முடியலன்னா, தட்டுக்கு முன்னாடி உக்காந்ததெல்லாம் பொய்யாப் போயிடும்மா."

வாரங்கள் போயின. அழுதார், மூடினார், மறுநாள் திறந்தார். ஒரு பிற்பகல் என்னைக் கத்தி அழைத்தார். விழுந்துவிட்டார் என்று ஓடினேன். கண்ணாடி முன் நின்றிருந்தார்.

"வாயோரத்துல இந்த மடிப்பைப் பாரு. உங்கம்மா அசந்து தூங்கறப்ப இப்படித்தான் கோணிக்குவா."

பார்த்தேன். செயலிழந்த தசை தெரிந்தது. ஆமாம்பா என்றேன். அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

"டமாரத்துக்குப் போன் போடு. தட்டை நானே ஆலை வாசலுக்கு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லு. ஷிப்ட் விடற நேரத்துக்கு வரேன். எல்லாரும் பாக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் போவதாக முடிவாயிற்று. அதற்குள் போய்விட்டார்.

இப்போது அந்தப் பாயில் நான் உட்காருகிறேன். தட்டை நிறுத்துகிறேன். "காட்டு" என்கிறேன். சூடு கூடியது, மண் சரியாகக் காயாதது, பூச்சு தடித்தது என்று காரணங்கள்தான் தெரிகின்றன. அம்மா தூங்கும் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரவில்லை. அப்பா எதைக் கண்டாரோ அதைக் காணும் கண் அவரோடு போய்விட்டது. எங்கே தேடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நேற்று டமாரம் மாமா போன் செய்தார். முதல்முறையாகக் கத்தாமல் பேசினார்.

"பாப்பா, அந்தத் தட்டு இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு. கொண்டாந்து தரட்டுமா?"

"வேணாம் மாமா."

"நீயாவது வந்து..."

"அப்பா வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காரு மாமா."

அந்தப் பக்கம் ஆலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரிம்மா," என்றார். "இருக்கட்டும்."