சாணப் பீப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

நேற்று கைக்குழந்தை மகளின் அழுக்குத் துணி வாளியைத் திறந்தேன். மழை என்று மூன்று நாளாகத் துவைக்காமல் மூடி வைத்திருந்தேன். நல்ல தாய் அப்படிச் செய்வாளா என்று கேட்காதீர்கள், நானே நாலு தரம் கேட்டுவிட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. அம்பிட்டிய வீட்டுக் குசினியில் நின்றபடியே பழைய பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பொறியியல் படித்த காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புதுப்பிக்கத்தக்க சக்திப் பாடத்துக்குச் செய்முறைப் பயிற்சி: இருவர் இருவராகச் சேர்ந்து, ஒரு பீப்பாவில் மாட்டுச் சாணமும் கன்டீன் மிச்சச் சோறும் கரைத்து, அதில் எழும் வாயுவின் அமுக்கத்தைத் தினமும் குறிக்க வேண்டும். என்னோடு சேர்ந்தவன் யாழ்ப்பாணத்துச் சிவா. கையுறை ஒரு சோடிதான். முழங்கை வரை விட்டுக் கிண்டியது அவன். மூக்கைப் பொத்திக்கொண்டு மணிக்கூடு பார்த்தது நான். என் முறை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்றத்துக்குப் பயந்து போகவேயில்லை. பதினேழு என்று மனதில் வந்ததைக் குறிப்புக் கொப்பியில் எழுதிவிட்டேன்.

பக்கத்துப் பீப்பா எங்களோடு படித்த சிங்களப் பெடியன் நிமாலுடையது. எங்கள் கொப்பியை எட்டிப் பார்த்து எழுதுகிறான் என்று எனக்கு ஒரே எரிச்சல். எல்லாவற்றையும் இனித் தமிழில் எழுதும் என்று சிவாவிடம் சொன்னேன்.

"ஓம், உம்மட சட்டம்" என்று சிரித்தான்.

எங்கோ குண்டு வெடித்த வாரம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சிவா வந்த பஸ்ஸைப் பொலிசார் மறித்துச் சோதித்தார்கள். பைக்குள் கொப்பி. தமிழ் எழுத்து, நேரங்கள், வரிசையாக எண்கள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் விரிவுரையாளர் பொலிசுக்குப் புறப்பட்டார். கூடச் செய்தவள் வந்து விளக்கினால் நல்லது என்றார். அம்மா தனிய இருக்கிறா, அடையாள அட்டை வீட்டில் என்றெல்லாம் சொன்னேன். அட்டை என் பைக்குள்தான் இருந்தது.

போனது நிமால். தன் கொப்பியை அங்கே மேசையில் விரித்தானாம். எங்கள் தமிழ் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. எண்களை மட்டும் பார்த்து, சிங்களத் தலைப்புகளின் கீழ் எழுதி வைத்திருந்தான். வரிக்கு வரி பொருந்தியது. என் பொய் ஞாயிறும் அங்கே பதினேழுதான். இது படிப்பு விஷயம் என்று நம்பி, அன்று பின்னேரம் விட்டார்கள்.

சிவாவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"ஏன் தமிழில எழுதினனி எண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டவங்கள்" என்றான். "உம்மட பேரைச் சொல்லேல்லை."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் சாணத்தைவிட மோசமாகக் குமட்டுகிறது.

அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். கொப்பியும் திரும்பி வரவில்லை. அறிக்கை எழுத வழியில்லாமல் நான் நிமாலிடம் போய் நின்றேன்.

"இது உங்கட நம்பர்தானே, எழுதுங்க" என்று நீட்டினான்.

பதினேழையும் விடாமல் பார்த்து எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

போன மாதம் அந்த ஆய்வுகூடப் பக்கம் போனேன். பீப்பாக்கள் நின்ற இடத்தில் சூரியத் தகடுகள். பிள்ளைகள் கணினித் திரையில் எண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமான இடம். ஒரு மணமும் இல்லை.