நாற்பத்திரண்டு விநாடி

மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் விநாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டீ குடிக்கப் போனால்கூடப் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதிவிடுவாள். பதினான்கு வருடத்தில் முப்பத்தோரு நோட்டுகள் நிரம்பியிருந்தன.

ஒன்பது வருடம் காத்திருந்த தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. புதன்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. குறுக்கே நின்றது ஒரு புது மாத்திரை. அதைக் கரைத்துக் கருவியின் குழலுக்குள் ஓடவிட்டால், அதிலுள்ள இரண்டு மாசுகள் பிரிந்து திரையில் இரண்டு முகடுகளாக எழ வேண்டும். பதினோரு வாரமாக அவை ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தன.

"அதுங்க பிரியற வரைக்கும் நீ ஊருக்குப் போக முடியாதும்மா," என்றார் மேலாளர். எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில் ஓட்டினால் பிரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் இரண்டு மென்பொருள்கள் சோதனைக்கு வந்திருந்தன. செவ்வாய் மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டினார்.

ஒன்று மயில். பொத்தானை அமுக்கினால் தோகை விரித்துப் பதில் சொல்லும். கூடத்துக் கணினிகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்காரர் அதன் கட்சி. மற்றதோ ஒவ்வொரு எண்ணையும் தனித்தனிக் கட்டத்தில் நிரப்பச் சொல்லிக் கேள்வி கேட்டது.

"என்னக்கா இது, போலீஸ்காரன் மாதிரி நோண்டுது?" என்றார் அவர்.

பழைய கருவியில் ஓட்டிய அதே நான்கு ஓட்டங்களை இரண்டுக்கும் கொடுத்தாள். இரண்டும் சொன்னபடி, கூடத்துக்கு வந்திருந்த புதுக் கருவியில் ஓட்டிப் பார்த்தாள். முகடுகள் ஒட்டியே வந்தன.

"ரெண்டும் சேர்ந்து காலை வாரிடுச்சே!" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அவள் போலீஸ்காரன் தந்த தாளில் ஸ்கேலை வைத்து அளந்தாள். பின்னால் வந்த முகடுகள் எல்லாம் சொன்ன நேரத்துக்கு நாற்பத்திரண்டு விநாடி முன்னதாகவே வந்திருந்தன, ஒன்று விடாமல்.

"தப்பு இவ்வளவு ஒழுங்கா வராதே," என்று நோட்டைப் புரட்டினாள்.

பம்புக்கும் குழலுக்கும் நடுவே தேங்கும் திரவத்தின் அளவு கருவிக்குக் கருவி மாறும். புதுக் கருவிக்கு அது பூஜ்யம் புள்ளி நான்கு மில்லி. கட்டத்தில் இருந்ததோ ஒன்று புள்ளி ஒன்று. பழைய கருவியின் எண். நிமிடத்துக்கு ஒரு மில்லி ஓடும்போது அந்த வித்தியாசம் சரியாக நாற்பத்திரண்டு விநாடி.

"யாருக்கா போட்டது?"

"சாட்சாத் நானேதான். பதினாலு வருஷமா எழுதின கை, தானா எழுதிடுச்சு." அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

போலீஸ்காரனில் எண்ணைத் திருத்தினாள். மயிலில் திருத்தத் தேடினால் அந்தக் கட்டமே இல்லை. பழைய ஓட்டங்களிலிருந்து அந்த எண்ணைத் தானே எடுத்து உள்ளே ஒளித்து வைத்திருந்தது.

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும்க்கா."

"பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே! நான் தப்பு பண்றவப்பா. திருத்த இடம் வேணும்ல?"

செவ்வாய் மாலை மூன்று பத்துக்கு, போலீஸ்காரன் திருத்திச் சொன்ன புது ஓட்டம் முடிந்தது. இரண்டு முகடுகளும் நடுவே பள்ளம் தரையைத் தொட, பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் மாதிரி விலகி நின்றன. கம்ப்யூட்டர்காரர்தான் முதலில் கைதட்டினார்.

"எதைம்மா வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேலாளர்.

"போலீஸ்காரனை, சார்!"

அவர் ஒன்றும் புரியாமல் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தங்கை வீட்டில் செருப்பைக் கழற்றியதும் அவள் முப்பத்திரண்டாவது நோட்டைத் திறந்தாள்.

"எழுதினது போதும்க்கா, மடியைக் காட்டு," என்றாள் தங்கை.

முதல் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: மாலை 4.26, பாப்பா என் மடிக்கு வந்தாள். இறக்கிவிட்ட நேரம் எழுதப்படவில்லை.