ஆடி அமாவாசைக்குத் தொழிற்சாலைக் கேற்றைப் பூட்டுவதா?

இதைப் பேச மனேஜரின் அறையில் கூடியவர்கள் நாலு பேர். வவுனியாக்காரரான மனேஜர், தொழிலாளர் சார்பில் பேச வந்த ஓவர்லொக் மெஷினில் தைக்கும் கமலா அக்கா, அவவுக்குத் துணையாக வந்த, சட்டைக் கொலர் தைக்கும் சுகந்தி, மூன்றாம் தையல் லைனின் சுப்பவைசரான நான். சுகந்தி என்பது அவளின் பெயர் அல்ல. அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள உடுப்புத் தொழிற்சாலை அது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மனேஜரின் அறைக்குள் போவதென்றால் இன்றைக்கும் பயம். தைக்கும்போது உடைந்த ஊசியின் துண்டு துணிக்குள் தொலைந்துபோனால்தான் எங்களை விசாரிக்க அங்கே கூப்பிடுவார்கள்.

கமலா அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை.

"சேர், அம்மா இல்லாதவை சித்திரைப் பறுவத்துக்கு விரதம். பறுவம் எண்டா முழுநிலவுப் போயா நாள், கவர்மென்டே லீவு தருது. அப்பா இல்லாதவைக்கு ஆடி அமாவாசை. அதுக்கு ஏன் இல்லை? அப்பாமார் என்ன பாவம் செய்தவை?"

மனேஜர் சிரித்தார். "கவர்மென்ட் தராத லீவை நான் எப்பிடித் தாறது? நான் என்ன ஜனாதிபதியே?"

"அப்ப வழமை போல எங்களுக்குக் காய்ச்சல் வரும், சேர்."

அது உண்மை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எங்கள் லைனில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஒரு நாள் வராமல் நின்றாலும் அந்த மாதத்து அட்டென்டன்ஸ் அலவன்ஸ் போய்விடும். அதை நானும் சொன்னேன். கடைசியில் மனேஜர் இறங்கி வந்தார். அன்றைக்குப் பூட்டுவது, பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது என்று முடிவானது. வெளியே வந்ததும் கமலா அக்கா என் முதுகில் தட்டினா.

பின்னேரம் கை கழுவும் குழாயடிக்குச் சுகந்தி வந்தாள்.

"அக்கா, அண்டைக்குப் பூட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை? அறைக்குள்ளை வாய் திறக்கேல்லையே நீ?"

"கமலாக்காவுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? அவவின்ரை அப்பா செத்தது அவவுக்குத் தெரியும். என்ரை அப்பாவைச் சண்டை முடியேக்கை ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். அவ்வளவுதான் தெரியும். அண்ணா மோட்ச அர்ச்சனை செய்வம் எண்டுறார். அம்மா இன்னும் பொட்டு வைக்கிறா. ஊரெல்லாம் மரக்கறி சமைக்க அவா அண்டைக்கெண்டு மீன் காய்ச்சுவா. ரெண்டு பேரும் என்ரை முகத்தைத்தான் பாப்பினம். வருசா வருசம் வேலை எண்டு சொல்லி நான் விடியவே வெளிக்கிட்டிடுவன். வீட்டிலை நிண்டா, விரதமோ இல்லையோ எண்டு நான் சொல்லவேணுமெல்லே அக்கா?"

விரதம் என்றால் அப்பா இல்லை. சாப்பிட்டால் இருக்கிறார். அவள் சொன்னது அதைத்தான்.

அடுத்த நாள் அந்த அறைக்குத் திரும்பப் போனேன். கமலா அக்காவும் அங்கே நின்றா.

"சேர், பூட்டவேண்டாம். வராதவையின்ரை அலவன்ஸை வெட்டாதேங்கோ. வாறவைக்குக் கேற்றைத் திறந்துவிடுங்கோ."

"நேற்று லீவு கேட்டனீங்கள். இண்டைக்கு வேலை கேக்கிறியள். தங்கச்சி, உங்களுக்கும் காய்ச்சலோ?"

கமலா அக்கா சிரிக்கவில்லை. "சுப்பவைசர் எல்லே, சேர். அவவுக்கு அப்பனை விடச் சட்டை ரார்கெற் பெரிசு."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவ அப்படிப் பேசியிருக்க மாட்டா. ஆனால் அது என்னுடைய காரணம் இல்லை. மெஷின் கொஞ்சமாவது ஓடும் என்பதால் மனேஜர் உடனே சம்மதித்தார். கமலா அக்கா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டா.

ஆடி அமாவாசை வந்தது. சுகந்தி ஒருத்திதான் வருவாள், ஒரு ஆளை வைத்து லைனை எப்படி ஓட்டுவது என்று பயந்துகொண்டு நின்றேன். பாதிக் கதிரைகள் நிறைந்துவிட்டன. ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் வந்தவர்கள்தான். அலவன்ஸுக்காக வருகிறார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இந்த முறை வீட்டில் நின்றாலும் அலவன்ஸ் வெட்டில்லை. அப்படியும் வந்தார்கள்.

மத்தியானம் நான் அந்த விரதத்துக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோற்றைப் பிரித்தேன். என் அப்பா வவுனியா ஆஸ்பத்திரியில் செத்தவர். நாள் தெரியும், திதி தெரியும். அதையும் ஒரு கொடுப்பினை என்று அதுவரை நான் நினைத்ததில்லை. மற்றப் பார்சல்களைப் பிரித்தபோது மீன் மணந்தது. ஒரு பார்சலில் இருந்து மட்டும் அல்ல. ஒருவரையொருவர் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடி அமாவாசையை அரசாங்கம் லீவு நாளாக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஓம் என்றுதான் சொல்வேன். பெற்ற தகப்பனுக்கு விரதம் இருக்க ஒரு பிள்ளை பொய்க் காய்ச்சல் சொல்லக்கூடாது. புதிதாக லைனுக்குப் பொறுப்பாக வரும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். லீவு கிடைத்தாலும் அந்த நாளில் சிலர் கேற்றடிக்கு வருவார்கள். அவர்களுக்குத் தைக்கக் கொஞ்சம் துணி வெட்டி வைத்திருங்கள். ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.